காவற்கண் யாருடையது?

சிறுகதை ஒன்றைப் பாராட்டுவதற்கு நம்மிடையே வழங்கும் சொற்றொடர்களுள் மிகவும் தேய்ந்துபோனது 'போட்டோப் பிடித்தாற்போல்' என்பதாகும். தோட்டத்து லயத்தைப் பற்றி எழுதும் ஒருவர், கூரைத் தகரத்தின் துருவையும் அடுப்புக் கரியையும் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் பதித்த தழும்பையும் ஒன்று விடாமல் எழுதிவிட்டால் போதும். இந்தப் பாராட்டு உடனே வந்து விழுந்துவிடுகிறது. பாராட்டப்பட்டவரும் மகிழ்ந்துபோகிறார். ஆனால் போட்டோப் பிடிப்பதுதான் இலக்கியத்தின் வேலையா என்ற கேள்வி முற்போக்கு விமர்சனத்தில் நெடுங்காலமாகவே எழுந்து வந்திருக்கிறது. கைலாசபதியும் சிவத்தம்பியும் இயற்பண்பு வாதம் வேறு, யதார்த்த வாதம் வேறு என்று பிரித்துப் பேசியதன் உட்பொருள் இதுவே. உள்ளதை உள்ளபடி காட்டி நின்றுவிடுவது முன்னது. உள்ளது ஏன் அப்படி உள்ளது, எத்திசையில் அது மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டுவது பின்னது.

ஹங்கேரிய விமர்சகர் லூகாச், கதை சொல்வதா வருணிப்பதா என்ற வினாவைத் தலைப்பாக்கி 1936இல் எழுதிய கட்டுரையில் இரண்டு குதிரைப் பந்தயங்களை அருகருகே நிறுத்திக் காட்டினார். ஒன்று ஸோலாவின் 'நானா'வில் வருவது. மற்றது டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வில் வருவது. ஸோலா குதிரையின் சேணம் முதல் பந்தய மோசடி வரை யாவற்றையும் நுணுக்கமாக எழுதினார். ஆயினும் அவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்தே எழுதினார். டால்ஸ்டாயின் பந்தயத்திலோ மனிதர்களின் விதி புரண்டு விழுகிறது. ஸோலா தம் பிற்காலத்தில் கமராப் பித்தராகவே மாறினார் என்பது தற்செயல்தானோ என்னவோ!

இந்தப் பழைய விவாதத்தை இங்கே நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. போட்டோப் பிடிக்கும் கண் இப்போது கதைகளை விட்டு இறங்கி வீட்டு நிலைப்படியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்புத்தளை போன்ற மலைநாட்டுச் சிறு பட்டினத்திலும் காவற் கமரா கைத்தொலைபேசியைப் போல் சாதாரணப் பண்டமாகிவிட்டது. கடைக்காரர் தரும் துண்டுப் பிரசுரம் எத்தனை 'மெகாபிக்சல்', எத்தனை 'டெராபைட்', இரவில் எத்தனை மீற்றர் தூரம் தெரியும் என்றெல்லாம் விரித்துக் கூறுகிறது. யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார், பார்த்ததை யார் வைத்துக்கொள்கிறார் என்ற மூன்றைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஒரு நாவலை எடுத்துக்கொண்டால், ஆசிரியர் எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்று நாம் முதலில் கேட்கிறோம். அதே கேள்வியைக் கமராவிடம் கேட்கலாகாது என்று யார் விதித்தார்கள்?

அப்புத்தளையில் இக்கேள்வி புதிதன்று. பட்டினத்திலிருந்து மலைப்பாதை வழியே சென்றால் தோமஸ் லிப்டன் 1890இல் நிறுவிய தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை வரும். அதற்கும் மேலே, மலை விளிம்பில், 'லிப்டன் சீற்' என்னும் இடம். அங்கே உட்கார்ந்துதான் அந்த வியாபாரி தம் தோட்டங்களைப் பார்வையிட்டார் என்பர். இன்று அங்கே அவருக்கு அமர்ந்த கோலத்தில் சிலை ஒன்றும் இருக்கிறது. உல்லாசப் பிரயாணிகள் அதன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கீழே பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கும் மலையைக் கண்டு அவர்கள் வியப்பதில் நமக்குக் குறையில்லை, நாமும் வியந்திருக்கிறோம். ஆனால் அந்த ஆசனத்திலிருந்து நோக்கும்போது மலையில் கொழுந்து பறிப்பவள் ஒரு புள்ளியாகத் தெரிகிறாள். புள்ளிக்கு முகம் கிடையாது, பசி கிடையாது, அவள் எத்தனை கிலோ பறித்தாள் என்ற கணக்கு மாத்திரம் உண்டு.

அந்த உயரத்துக் கண் தனியே வேலை செய்யவில்லை. கங்காணியின் கண், கணக்கப்பிள்ளையின் கண், சின்னதுரையின் கண் என்று படிப்படியாக இறங்கி, விடியலில் பிரட்டுக் களத்துக்கும் மாலையில் கொழுந்து மடுவத்துக்கும் அது வந்து சேர்ந்தது. தொழிலாளியை அவள் பட்ட கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் மனிதரைக் காகிதத்தில் பிடித்து வைக்கும் பழக்கம் சட்டத்தோடு போய்விடவில்லை. தராசு முள்ளைப் பார்க்கும் உரிமை யாருக்கு இருந்தது? கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கப்பட்ட நிறையைச் சரிபார்க்கும் கண் யாருடையது? மலைநாட்டில் பார்வை என்பது எக்காலத்திலும் மேலிருந்து கீழ்நோக்கியே பாய்ந்திருக்கிறது.

ஒரு சுவையான செய்தியை இவ்விடத்தில் சொல்லாமல் போக இயலவில்லை. நடுவில் நின்று எல்லாரையும் பார்க்கும், தான் மட்டும் பார்க்கப்படாத மேற்பார்வையாளன் என்ற கற்பனையை ஜெரமி பெந்தமின் சிறைச்சாலைத் திட்டத்தோடு இணைத்தே எல்லாரும் பேசுகிறார்கள். பெந்தமின் நூல் வெளிவந்தது 1791இல். ஆனால் அந்த யோசனை பிறந்தது சிறையில் அன்று, ஒரு பண்ணையில். இன்றைய பெலாருஸ் நாட்டிலுள்ள கிரிச்செவ் என்னுமிடத்தில், ருஷ்ய இளவரசர் பொட்டெம்கினின் பண்ணையில் பணிபுரிந்த சாமுவேல் பெந்தம், வேலையாட்களை மேற்பார்வை செய்வதற்காக ஒரு வட்டக் கட்டடத்தைத் திட்டமிட்டார். தம்பியைப் பார்க்கப் போன தமையன் ஜெரமி 1787இல் அங்கிருந்தே அதைப் பற்றிக் கடிதங்கள் எழுதினார். சிறைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அது பொருந்தும் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆக, கண்காணிப்பு என்னும் கலை பண்ணை முதலாளியின் களத்தில் முளைத்துப் பின்னரே சிறைக்குப் போயிற்று. தோட்டத்தை ஒருவகைச் சிறை என்று நம் எழுத்தாளர் சிலர் உவமித்தபோது மிகைப்படுத்துகிறார்கள் என்றவர்கள் இதைச் சற்றே யோசிக்கட்டும்.

ஆயினும் கதையை இத்தோடு முடித்துக் கமராவை முதலாளியின் ஆயுதம் என்று சபித்துவிட்டுப் போவது எளிய வேலை, நேர்மையான வேலையன்று. வீட்டு வாசலுக்கான கமராவின் வரலாறு வேறிடத்தில் தொடங்குகிறது. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மருத்துவத் தாதி மேரி வான் பிரிட்டன் பிரவுன், நேரங்கெட்ட நேரத்தில் வேலைக்குப் போய் வருபவர். கணவரும் இரவு பகல் பாராமல் வேலை செய்பவர். அவர்கள் வசித்த பகுதியில் குற்றம் மலிந்திருந்தது. அழைத்தாலும் பொலிசார் விரைந்து வருவதில்லை. ஆகவே அவர் கதவில் நான்கு துளைகள் வைத்து, அவற்றினூடே ஏறியிறங்கும் கமரா ஒன்றை அமைத்து, வாசலில் நிற்பவரைப் படுக்கையறைத் திரையில் காணவும் பேசவும், கதவைத் தொலைவிலிருந்தே திறக்கவும், அபாய மணி ஒலிக்கவும் வழி செய்யும் திட்டத்தைக் கணவரோடு சேர்ந்து வகுத்தார். 1966இல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் உரிமைப் பத்திரம் பெற்றார்கள். இது கீழிருந்து பிறந்த கண். காவல் நிலையம் தன்னைக் காக்காது என்று அனுபவத்தில் அறிந்த உழைக்கும் பெண் ஒருத்தியின் கண். ஒரே கருவிக்கு இரண்டு பிறப்புகள்: பண்ணை முதலாளியின் மேடையில் ஒன்று, தாதியின் கதவில் மற்றொன்று. நம் வாசலில் மாட்டுவது எந்த வம்சத்துக் கமரா என்பதே வினா.

இவ்வினா ஊவா மாகாணத்து மக்களுக்கு ஏட்டுச் சுரைக்காயன்று. 2023 மே மாதம், கொழும்பில் வீட்டு வேலை செய்துவந்த பதுளைப் பெண் ஒருவர், அவ்வீட்டில் நகை களவு போனதாகச் செய்யப்பட்ட முறைப்பாட்டின் பேரில் வெலிக்கடைப் பொலிசாரால் கைது செய்யப்பட்டார். காவலில் இருந்தபோதே அவர் இறந்தார். பொலிசார் மீது விசாரணை நடந்தது. செய்தித்தாள்கள் சில நாட்கள் எழுதின. மலையகத்தில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. தமிழில் 'காவல்' என்ற சொல் எத்துணைக் குரூரமானது என்பதை அன்று கண்டோம். காப்பதும் காவல், அடைத்து வைப்பதும் காவல். வீட்டுக்காரரின் பொருளுக்கு ஒரு காவல். வேலைக்காரியின் உடலுக்கு மற்றொரு காவல்.

இப்படிப்பட்ட வீடொன்றில் கமரா இருப்பதாக எண்ணிப் பார்ப்போம். அது அவளைக் காப்பாற்றுமா? காப்பாற்றலாம். அலுமாரிப் பக்கம் அவள் போகவேயில்லை என்று பதிவு சாட்சி சொல்லலாம். இதனாலேயே கமராவை முற்றாக வெறுக்கும் அறிவாளிகளோடு நாம் உடன்படுவதில்லை. ஆனால் அந்தப் பதிவுப்பெட்டி யாருடைய அறையில் இருக்கும்? அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? எந்த ஐந்து நிமிடத்தைப் பொலிசாரிடம் கொடுப்பது, எந்த ஐந்து மணி நேரத்தைக் கொடுக்காமல் விடுவது என்பதை முடிவு செய்பவர் யார்? படம் பிடிப்பது இயந்திரம். கதையைத் தொகுப்பவர் வீட்டு உடைமையாளர். அவளுக்குச் சம்பளம் பாக்கி இருந்ததா, விடுமுறை கேட்டு மறுக்கப்பட்டதா, ஊரிலே பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பவற்றுள் எதுவும் அந்தச் சட்டத்துக்குள் வராது. கை நீளுவது தெரியும். கை ஏன் நீண்டது என்பது தெரியாது. கை நீளவே இல்லை என்றாலோ, அந்தப் பகுதியைத் தேடிப் பார்க்கும் அக்கறை எவருக்கும் இராது. இயற்பண்பு வாதத்தின் குறை என்று நம் விமர்சகர்கள் எதைச் சொன்னார்களோ அது இங்கே ஓர் உயிரோடு விளையாடுகிறது.

இனி, கமராவைத் தேர்ந்தெடுப்பது என்னும் காரியத்துக்கு வருவோம். இலக்கிய மாசிகையில் இதற்கென்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: தொழில் நுணுக்கம் என்று சொல்லப்படும் ஒவ்வொரு முடிவுக்குள்ளும் ஒரு சமூக முடிவு ஒளிந்திருக்கிறது. கடைக்காரரிடம் அதை ஒப்படைத்துவிட்டு வருபவர், தமக்காக இன்னொருவர் சிந்திக்க இடங்கொடுத்தவராகிறார். ஆசிரியர்களாகிய நம் வாசகருள் பலர் இன்று வாங்குகிறார்கள். மாணவர்கள் தம் பெற்றோருக்கு வாங்கித் தருகிறார்கள். ஆகவே பேசத்தான் வேண்டும்.

முதலாவது, தெளிவு. ஒருவரை இன்னார் என்று ஐயமின்றி அடையாளங் காண, படத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது வேண்டும் என்று சர்வதேச அளவுகோல் கூறுகிறது. முன்பே தெரிந்த ஒருவரை இவர்தாம் என்று அறிய 125 போதும். யாரோ நடமாடுகிறார் என்று அறிய 25 போதும். 1,920 புள்ளி அகலமுள்ள சாதாரணக் கமராவில் 250 என்ற கணக்குக்கு ஏறத்தாழ ஏழரை மீற்றர் அகலமே அடங்கும். அகன்ற பார்வையுள்ள 2.8 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தினால் அந்த அகலம் மூன்று மீற்றர் தூரத்திலேயே தீர்ந்துவிடும். இதன் பொருள் யாது? முற்றம் முழுவதும், ஒழுங்கை முழுவதும், எதிர் வீடு முழுவதும் தெரிய வேண்டுமென்று ஆசைப்பட்டு அகன்ற வில்லையை வாங்குகிறவர், எல்லாரையும் பார்க்கிறார், எவரையும் அறிவதில்லை. லிப்டன் ஆசனத்தின் அதே நோய்! தம் வாசற்படியை மட்டும், ஒடுங்கிய பார்வையில், முகம் தெரியும்படி பார்ப்பவருக்கு அயலாரின் வாழ்க்கையில் மூக்கை நுழைக்க வேண்டியதில்லை. திருடனின் முகமும் கிடைக்கும். நாகரிகமும் பயனும் இங்கே ஒன்றாகவே சேர்கின்றன.

உயரத்தில் மாட்டுவதும் அப்படித்தான். எட்டாத உயரத்தில் இருந்தால் பத்திரம் என்று கூரை முகட்டில் மாட்டுவோர் உண்டு. அப்புத்தளைக் குளிரிலும் தூறலிலும் தொப்பியோ துண்டோ கம்பளியோ போடாமல் நடமாடுபவர் எத்தனை பேர்? முகட்டுக் கமரா அத்தனை பேருடைய உச்சந்தலையையும் பக்தியோடு பதிந்து வைக்கும். எட்டடி உயரமே முகத்தைத் தரும்.

பனி மூட்டத்தைப் பற்றி எந்தப் பிரசுரமும் எழுதுவதில்லை. அவை சமவெளிக்காக அச்சடிக்கப்பட்டவை. கமராவின் வில்லையைச் சுற்றிப் பதிக்கப்பட்ட அகச்சிவப்பு விளக்குகள் இருளில் ஒளியைப் பாய்ச்சும். தெற்கேயுள்ள தாழ்நிலத்திலிருந்து மேலெழுந்து கணவாயைக் கடக்கும் மூடுபனி அந்த ஒளியை அப்படியே வில்லைக்குத் திருப்பியடிக்கும். இரவு முழுவதும் வெள்ளைத் திரை ஒன்றே பதிவாகும். வில்லைக்கு முன் சிலந்தி பின்னும் வலையும் அதே வேலையைச் செய்யும். விளக்கைக் கமராவிலிருந்து விலக்கி, வாசலின் மறுபக்கத்தில் வைத்தால் குறை பெரிதும் நீங்கும். அசைவு கண்டால் அறிவிக்கும் வசதியைப் பனிக்காலத்தில் நம்பினால், இரவெல்லாம் தொலைபேசி அலறிக்கொண்டிருக்கும். நாலாம் நாள் அதை அணைத்துவிடுவீர்கள். ஐந்தாம் நாள் கள்வன் வருவான். ஐப்பசி கார்த்திகை மாதங்களின் பிற்பகல் இடிமின்னலோ நீண்ட செப்புக் கம்பி வழியே பாய்ந்து பெட்டியையே சுட்டுவிடக்கூடும். நிலத்தொடுப்பு இல்லாமல் கம்பி இழுப்பவனை வீட்டுக்குள் விடலாகாது. மின்தடைக்கு ஒரு சிறு மின்கலமும் வேண்டும். இவை சில்லறை விஷயங்கள்.

பெரிய விஷயம் நினைவு. பதிவுப்பெட்டி எதையும் நிரந்தரமாக நினைவில் வைத்திருப்பதில்லை. நிரம்பியதும் மிகப் பழையதை அழித்து அதன்மேல் எழுதத் தொடங்குகிறது. வினாடிக்கு நான்கு மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கமரா நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 கிகாபைட் இடத்தைத் தின்னும்; ஒரு டெராபைட் தட்டு 23 நாட்களில் தன் கடந்த காலத்தை மறந்துவிடும். நான்கு கமராக்கள் என்றால் ஆறு நாட்கள்கூட நில்லாது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும், கமராவுக்குள்ளேயே செருகப்படும் 128 கிகாபைட் அட்டை ஒன்று ஆறு நாளுக்குத்தான் வரும். கள்வன் கமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியையும் சேர்த்தே கொண்டு போகிறான். ஆகவே கமராவுக்கு வெளியே, உள்ளறையில், பூட்டிய அலுமாரியில் தனிப் பெட்டி இருப்பது நல்லது. ஒரே கம்பியில் மின்சாரத்தையும் படத்தையும் அனுப்பும் முறை அதற்கு வசதியானது. ஆனால் நாம் கேட்பது இது: ஏழை ஒருவர் மீது பொய்ப் பழி விழுந்தால், அவர் ஒரு சட்டத்தரணியைக் கண்டுபிடித்து, பதிவைக் கேட்டு, நீதிமன்றத்தின் கட்டளையைப் பெற எத்தனை நாள் ஆகும்? ஆறு நாளில் ஆகுமா? பெட்டியின் மறதி நடுநிலையானதன்று. பணமும் பழக்கமும் உள்ளவர் ஆறு நாளுக்குள் தமக்கு வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொள்வார். மற்றவருக்கு வேண்டியதை இயந்திரம் தானாகவே அழித்துவிடும்.

தூர தேசத்துக் கணினிகளில் சேமித்து வைக்கிறோம், மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள் என்று அழைக்கும் கம்பனிகளைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். அமேசானுக்குச் சொந்தமான 'ரிங்' என்னும் கமராக் கம்பனியின் ஊழியர்கள் வாடிக்கையாளரின் வீட்டுக்குள் எடுக்கப்பட்ட படங்களைத் தடையின்றிப் பார்க்க முடிந்தது. ஓர் ஊழியர் பெண்களின் அறைகளில் இருந்த கமராக்களையே தேடிப் பார்த்தார். 2023 மே மாதத்தில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு சாட்டிய குற்றச்சாட்டு இது; 58 லட்சம் டொலர் கட்டக் கம்பனி இணங்கிற்று. அதற்கும் முன்னர், 2016இல், 'மிராய்' என்ற தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரும் இணையத் தளங்களை முடக்கியது. அதன் கையிலிருந்தது அறுபது சொச்சம் கடவுச்சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவே. வீட்டைக் காக்க வாங்கியது வேறொருவனுக்குக் கூலிப்படையாகிப் போயிற்று. கமரா வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது என்பதை இதைவிட விளக்கமாக எழுத வேண்டியதில்லை.

இவையெல்லாம் தனி வீட்டுக்காரருக்கு. லயத்தில் வாழ்பவருக்கு?

ஊவாவின் ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 1934இல் பிறந்து, தெளிவத்தை என்னும் தோட்டப் பெயராலேயே அறியப்பட்டு, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்ற கதையை நம் வாசகருள் பலர் படித்திருப்பர். ஒற்றை அறைக்குள் வளர்ந்த பிள்ளைகளோடு குடும்பம் நடத்த விதிக்கப்பட்டவர்களின் வெட்கமும் வேதனையும் அக்கதை. அதில் ஆபாசம் காண்பவர்கள் சிலர் இருக்கக்கூடும். அந்த அறையைக் கட்டியவர்களிடமன்றோ ஆபாசம் இருக்கிறது என்பது நம் கருத்து. அக்கதையின் சிறப்பு, இருட்டை விவரிப்பதில் இல்லை. மறைவு என்பது மனிதனுக்கு அரிசி பருப்புப் போன்ற தேவை. அதையும் தோட்டம் அவனிடமிருந்து பறித்திருக்கிறது என்று உணர வைத்ததில் இருக்கிறது. அவ்வறையில் ஒரு கமரா இருந்திருந்தால் வெட்கக்கேடு பதிவாகியிருக்கும். அதற்குக் காரணமான பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, பின்னணிச் சுவராக மட்டுமே தெரிந்திருக்கும். ஜோசப் போட்டோப் பிடிக்கவில்லை. அந்தச் சுவரையே கதையின் வில்லனாக்கினார்.

அந்தச் சுவர்கள் பல இடங்களில் இன்றும் நிற்கின்றன. ஒரு காம்பிராவின் இஸ்தோப்பில் கமரா ஒன்றை மாட்டினால் அது யாரைப் பார்க்கும்? மாட்டியவரின் வாசல் நாலடி, மிச்சமெல்லாம் பிறருடையது. தண்ணீர்ப் பீலிக்குப் போகும் பெண்கள், விடியுமுன் மலசலகூடத்துக்குப் போவோர், சண்டையிட்டுக்கொண்ட புருஷன் பெண்சாதி, கடன் கேட்டு வந்தவர், தொழிற்சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட வந்தவர், இவர்கள் யாவரும் ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் போய்ச் சேர்கிறார்கள். 2024இல் நாட்கூலி 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்ட இடத்தில் நாலைந்து நாள் உழைப்பைக் கொடுத்துக் கமரா வாங்குகிற குடும்பத்தை நாம் குறை சொல்லவில்லை. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் பிள்ளைகள் இருக்க, கிழவி தனியே இருக்கும் வீடு அது. அடகு மீட்ட நகை இருக்கும் வீடு அது. பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பெட்டியைத் தோட்ட அலுவலகம் ஒரு நாள் கேட்டால்? அல்லது பொலிஸ் கேட்டால்? கங்காணி இல்லாத நேரத்திலும் பிரட்டுக் களம் தன் இஸ்தோப்பிலேயே நடக்கும்படி அந்தக் குடும்பம் தன்னை அறியாமல் செய்துவிட்டதாக ஆகாதா?

வீட்டுக்குள்ளே, கூடத்திலும் சமையலறையிலும் மாட்டுகிறவர்களைப் பற்றி நமக்குச் சற்றுக் கோபமே உண்டு. வெளிநாட்டில் இருக்கும் கணவன் ஊரிலுள்ள மனைவியின் நடமாட்டத்தைத் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதைப் 'பாதுகாப்பு' என்று சொல்கிறார்கள். பெண்ணைச் சிறையிட்டுக் காக்கும் காப்பு என்ன செய்துவிடும் என்று வள்ளுவர் கேட்டதை மேடையில் முழங்கும் ஆசிரியர்களும் இதில் அடக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025இல் தள்ளிப்போடப்பட்டது. அதிலும் தனிமனிதர் தம் வீட்டுத் தேவைக்காக மட்டும் செய்யும் பதிவுகளுக்கு விலக்கு உண்டு. எது வீட்டுத் தேவை என்பதில்தான் சிக்கல். செக் நாட்டில் ஒருவர், தம் வீட்டுக் கண்ணாடிகளைப் பலமுறை யாரோ உடைத்ததால், கூரை விளிம்பில் கமரா மாட்டினார். அது பொதுப் பாதையையும் எதிர் வீட்டு வாசலையும் சேர்த்துப் பதிந்தது. கண்ணாடி உடைத்தவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் அந்தப் படத்தால் அகப்பட்டார்கள். ஆயினும் பொது இடத்தைப் பதியும் கமரா முற்றிலும் வீட்டுக் காரியமாகாது என்று 2014 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மனிதரின் பயத்தை நீதிமன்றம் பொய்யென்று சொல்லவில்லை. அயலாருக்கும் உரிமையுண்டு என்று மட்டும் சொன்னது. இஸ்தோப்பு என்பது வீடா, பாதையா என்று அந்த நீதிபதிகளிடம் கேட்டிருந்தால் திணறியிருப்பார்கள். நூறாண்டுக்கும் மேலாகக் குடியிருந்தும் மண்ணுக்கு உறுதிப்பத்திரம் பெறாத மக்களின் வாசற்படி அது.

ஆகவே லயத்தில் கமரா வைப்பதானால் லயம் கூடித் தீர்மானிக்க வேண்டும் என்பது நம் துணிபு. கோயில் திருவிழாவுக்கும் மரண உதவிக்கும் கூடத் தெரிந்த மக்களுக்கு இது கடினமன்று. கமரா லயத்துக்குள் வரும் வழியை மட்டும் பார்க்கட்டும்; பீலியையும் மலசலகூடப் பாதையையும் பார்க்க வேண்டாம். காட்சியில் வேண்டாத பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி மலிவான பெட்டிகளிலும் இருக்கிறது. கேட்டால்தான் கடைக்காரர் காட்டுவார். பெட்டியைத் திறக்க இருவர் சேர வேண்டும், அவருள் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஒலிப்பதிவை அணைத்துவிட வேண்டும். எவர் கேட்டாலும் கூட்டத்தில் சொல்லிவிட்டே பிரதி கொடுப்பது, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் அதே பிரதியைக் கொடுப்பது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். இது கற்பனாவாதம் என்று சிரிப்பவர்கள், தராசைச் சரிபார்க்கும் உரிமைக்காக நடந்த போராட்டங்களையும் ஒருகாலத்தில் அப்படித்தான் சிரித்தார்கள்.

மற்றொன்று. அப்புத்தளைக்குக் கீழே, கொஸ்லாந்தைப் பக்கத்தில், மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் மண்சரிவில் புதைந்தன. அந்த மலை திடீரென்று கோபித்துக்கொள்ளவில்லை. அங்கே ஆபத்து இருக்கிறது, குடியிருப்போரை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. கண் பார்த்திருந்தது, கடிதம் எழுதியிருந்தது, மாற்று நிலம் கொடுக்க வேண்டிய கைதான் அசையவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களில் சரிந்தன.

மண்சரிவைக் காட்டும் கருவி மிக எளியது. மழைமானி ஒன்று, சுவரில் விழும் வெடிப்பின் மேல் ஒட்டிய கண்ணாடித் துண்டு ஒன்று, நாள்தோறும் அளவைக் குறித்துக்கொள்ளும் கொப்பி ஒன்று. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும்; 100 கடந்தால் ஆயத்தமாக வேண்டும்; 150 கடந்தால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது அந்த நிறுவனம் கையாளும் அளவு. தோட்டப் பாடசாலை மாணவர்கள் பலர் இதைத் தாமே அளக்கக் கூடியவர்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு 150 என்று கொப்பியில் எழுதிய மாணவன், எந்தக் கதவைத் தட்டுவது, எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டால், அவனுக்குச் சொல்ல அவனுடைய ஆசிரியரிடம் பதில் இருக்க வேண்டும். தோட்ட நிருவாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் அந்தப் பதிலை இந்த மழைக்கு முன்னரே எழுத்தில் கேட்டு வாங்குமாறு ஊவாவிலுள்ள நம் ஆசிரிய நண்பர்களை வேண்டுகிறோம்.